பட்டியல் என்பது தரவரிசை அல்ல: ஹாக்கி அணித் தேர்வும் கேப்டன் பொறுப்பும்

புதிய சீசனுக்கு முன்பு ஒரு ஹாக்கி அணியின் பட்டியல் வெளியானால், தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, அரியலூர் பக்கத்து மைதானங்களில் அன்று மாலை எழும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். நன்றாக ஆடுகிற பையனை ஏன் விட்டார்கள்? ஏலத்தில் அதிக விலைக்குப் போனவர் இருக்கும்போது வேறொருவர் எப்படிக் கேப்டன் ஆனார்? பழைய கேப்டனை மாற்றியிருக்கிறார்களே, அவர் மேல் என்ன கோபம்? பட்டியலில் நம்ம ஊர்ப் பையன் பெயர் இருக்கிறது, ஆனால் ஆட்டத்தில் ஆளைக் காணோமே?

சென்னையில் 2023-இல் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. 2025 இறுதியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. இந்த இரண்டுக்கும் பிறகு டெல்டாவில் ஹாக்கியைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் ஏராளம். அவர்களில் பெரும்பாலோர் கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்கள். கிரிக்கெட்டில் பதினொருவர் பெயர் அறிவித்தால் ஆட்டம் முடியும்வரை பெரும்பாலும் அந்தப் பதினொருவர்தான். பந்து வீசுவது யார், ஃபீல்டர் எங்கே நிற்பது என்று கேப்டன் களத்திலேயே முடிவெடுக்கிறார். ஹாக்கியில் இந்த இரண்டுமே வேறு மாதிரி. அந்த வேறுபாடு புரியாமல் அணிப் பட்டியலைப் படித்தால், அது திறமை வரிசைப்படி எழுதிய மதிப்பெண் பட்டியல் போலத் தோன்றும். அப்படிப் படிப்பதில்தான் வீண் மனக்கசப்பு தொடங்குகிறது.

600 நிமிடங்களைப் பங்கிடும் வேலை

ஆட்டம் 60 நிமிடம். 15 நிமிடம் வீதம் நான்கு கால் பகுதிகள். ஒரு நேரத்தில் களத்தில் ஓர் அணிக்கு அதிகபட்சம் 11 பேர். கோல்கீப்பரை ஒதுக்கிவிட்டால் 10 பேர். ஆக, ஓர் ஆட்டத்தில் ஓர் அணி நிரப்ப வேண்டியது 10 பேர் × 60 நிமிடம், அதாவது 600 ஆள்-நிமிடங்கள்.

ஆளை மாற்றுவதற்கு ஹாக்கியில் எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. ஆட்டத்தை நிறுத்தவும் தேவையில்லை. நடுக்கோட்டுக்கு 3 மீட்டருக்குள் ஒருவர் வெளியே வந்ததும் இன்னொருவர் உள்ளே போகலாம். வெளியே வந்தவர் இரண்டு மூன்று நிமிடம் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் உள்ளே போகலாம். மேட்டூரில் தண்ணீர் குறைவான வருடங்களில் முறை வைத்து வாய்க்காலைத் திறப்பார்களே, அதே கணக்குத்தான். எந்த மடைக்கு எப்போது, எவ்வளவு நேரம் என்பதில்தான் திறமை இருக்கிறது.

ஒலிம்பிக் அணி 16 பேர் கொண்டது. ஒரு கீப்பர், 15 களவீரர்கள் என்று வைத்துக்கொண்டால் சராசரியாக ஒருவருக்கு 40 நிமிடம். ஆனால் எந்தப் பயிற்சியாளரும் சராசரியாகப் பங்கிடுவதில்லை. ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். களத்தில் பின்வரிசை 4 இடம், நடுவரிசை 3 இடம், முன்வரிசை 3 இடம். ஒவ்வொரு வரிசைக்கும் 5 ஆட்கள் இருக்கிறார்கள்.

1. பின்வரிசையில் 240 நிமிடத்தை 5 பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 48 நிமிடம்.
2. நடுவரிசையில் 180 நிமிடத்தை 5 பேர் பகிர்ந்தால் 36 நிமிடம்.
3. முன்வரிசையிலும் அதேபோல் 36 நிமிடம்.

முன்வரிசைக்காரர் குறைவான நேரம் ஆடுவது குறையில்லை. அவர் வேலையே முழு வேகத்தில் ஓடி எதிரணியின் பின்வரிசையை நெருக்குவதும், பந்து கிடைத்ததும் 'டி'க்குள், அதாவது கோலுக்கு முன்னுள்ள அரைவட்டத்துக்குள், பாய்வதும்தான். ஐந்து நிமிடம் அப்படி ஓடினால் கால் கெஞ்சும். பின்வரிசைக்காரருக்கு இடம் பிசகாமல் நிற்பதும் பந்தைப் பிரித்துக் கொடுப்பதும் முக்கியம். அடிக்கடி மாற்றினால் அங்கே ஒருவருக்கொருவர் உள்ள புரிதல் கெடும். எனவே ‘முதல் பதினொன்றில் இல்லை’ என்ற செய்திக்கு ஹாக்கியில் பெரிய பொருள் இல்லை. ஆட்டம் தொடங்கும்போது பெஞ்சில் இருந்த ஃபார்வர்டு, தொடங்கியவரைவிட அதிக நேரம் ஆடிவிட்டு வருவது சாதாரணம்.

பட்டியலைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இதுதான்: எந்த வரிசைக்கு எத்தனை பேர்? மூன்று வரிசையிலும் ஆடக்கூடியவர் எத்தனை பேர்? ஆறு நல்ல ஃபார்வர்டுகள் இருக்கும் ஊரில் ஆறாவது ஃபார்வர்டு வெளியே நிற்பார். அவரைவிடச் சுமாராக ஆடும் லெஃப்ட் ஹாஃப் (நடுவரிசையின் இடப்பக்க ஆட்டக்காரர்) உள்ளே இருப்பார். அநியாயம் போலத் தெரியும். ஆனால் லெஃப்ட் ஹாஃப் இடத்தில் நிற்க ஆள் வேண்டுமே.

பெனால்டி கார்னர் எப்படி அணியையே வடிவமைக்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஹாக்கி அணித் தேர்வில் வெளியாட்களுக்குப் புரியாத முடிவுகளில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது.

தற்காக்கும் அணி தன் 'டி'க்குள் தவறு செய்தால் பெரும்பாலும் எதிரணிக்குக் கிடைப்பது பெனால்டி கார்னர், சுருக்கமாக பி.சி. அதைக் கொடுத்ததும் கடிகாரம் 40 விநாடி நிற்கும். தற்காக்கும் அணியில் கீப்பரோடு சேர்த்து 5 பேர் மட்டும் கோல் கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். தாக்கும் அணியில் ஒருவர் கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் பந்தை வைத்துப் புஷ் கொடுப்பார். 'டி'யின் விளிம்பில் ஒருவர் அதை ஸ்டிக்கால் நிறுத்துவார். பந்து 'டி'யை விட்டு வெளியே வந்த பிறகே கோலை நோக்கி அடிக்க முடியும். நிறுத்திய பந்தை ஸ்டிக்கின் வளைவில் ஏந்தி இழுத்து வீசுவதுதான் டிராக் ஃபிளிக். முதல் முயற்சி ஹிட்டாக இருந்தால் பந்து 460 மில்லிமீட்டர் பலகை உயரத்துக்கு மேல் கோலைக் கடக்கக் கூடாது. ஃபிளிக்குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. கீப்பரின் தோளுக்கு மேல் மூலையில் செருகலாம். அதனால்தான் ஒரு நல்ல ஃபிளிக்கருக்கு அவ்வளவு மதிப்பு.

இந்த ஆட்டத்தில் விளைவு அதிகம் உள்ள விதி ஒன்று இருக்கிறது. பி.சி. கொடுத்த நேரத்திலிருந்து அது முடியும்வரை ஆளை மாற்ற முடியாது. தற்காக்கும் கீப்பருக்கு அடிபட்டாலோ, அவர் அட்டை வாங்கினாலோ மட்டும் விலக்கு. ‘பி.சி. கிடைத்துவிட்டது, பெஞ்சில் இருக்கும் ஃபிளிக்கரை அனுப்பு’ என்று சொல்ல வழியே இல்லை. விசில் ஊதும் நேரத்தில் அவர் களத்தில் இருக்க வேண்டும்.

இதிலிருந்து வரும் விளைவுகளை வரிசையாகப் பாருங்கள்.

1. ஃபிளிக்கர் அதிக நேரம் களத்தில் இருக்கும் ஆளாக இருக்க வேண்டும்.
2. அதிக நேரம் களத்தில் இருப்பது பின்வரிசை. ஆகவே ஃபிளிக்கர்களைப் பெரும்பாலும் பேக் இடத்துக்கே வளர்க்கிறார்கள். ஹர்மன்பிரீத் சிங், ரூபிந்தர் பால் சிங், அமித் ரோகிதாஸ், ஜுக்ராஜ் சிங், நெதர்லாந்தின் ஜிப் யான்சன் எல்லோரும் பின்வரிசைக்காரர்கள்.
3. ஒரு ஃபிளிக்கர் ஓய்வெடுக்கும் நேரத்தில் பி.சி. கிடைத்தால் வீணாகக் கூடாது. எனவே இரண்டாவது ஃபிளிக்கர் கட்டாயம். அவரும் பின்வரிசையில்தான் இருப்பார்; ஒருவர் வெளியே வரும்போது மற்றவர் உள்ளே இருப்பார்.
4. மூன்றாவது ஃபிளிக்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 16 பேருக்குள் அவருக்கு இடம் கிடைப்பது கடினம்.

புஷ் கொடுப்பவர், ஸ்டாப்பர், எதிரணியின் பி.சி.யில் முதல் ஆளாகப் பாய்ந்து ஃபிளிக்கரை மறிக்கும் ரஷர் ஆகியோரும் அதேபோலக் களத்தில் இருந்தாக வேண்டியவர்கள். ஒரு நடுவரிசைக்காரர் மற்றவரைவிட ஒரு படி கீழே இருந்தாலும், துல்லியமாகப் புஷ் கொடுக்கத் தெரிந்தால் அவர் பெயர்தான் பட்டியலில் ஏறும். பார்வையாளர் மாடத்திலிருந்து இது தெரியாது. பயிற்சியாளரின் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே இரண்டு வேலைகள் எழுதியிருக்கும்.

கேப்டனிடம் விதிப்புத்தகம் கேட்பது என்ன?

சர்வதேச ஹாக்கிக் கூட்டமைப்பின் விதிகளில் கேப்டனைப் பற்றி இருப்பது சில வரிகள்தான். அணியில் ஒருவர் கேப்டனாக இருக்க வேண்டும். அவர் கையிலோ தோளிலோ காலுறையின் மேல்பகுதியிலோ அடையாளப் பட்டை அணிய வேண்டும். அவர் அட்டை வாங்கி வெளியேறினால் மாற்றுக் கேப்டன் யார் என்று காட்ட வேண்டும். தன் அணியினர் எல்லோருடைய நடத்தைக்கும், ஆள் மாற்றம் சரியாக நடப்பதற்கும் அவரே பொறுப்பு. அந்தப் பொறுப்பில் தவறினால் தண்டனையும் அவருக்குத்தான். மாற்றும் அவசரத்தில் களத்தில் 12 பேர் நின்றுவிட்டால், தவறு யாருடையதாக இருந்தாலும் அட்டையை வாங்குபவர் கேப்டன்.

வியூகம் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ஆள் மாற்றத்தைப் பெஞ்சிலிருந்து பயிற்சியாளர் நடத்துகிறார். பி.சி.யில் என்ன வகை என்பதும் முன்பே பயிற்சியில் முடிவானது. களத்தில் கேப்டன் செய்ய வேண்டியது வேறு: நடுவரிடம் நிதானமாகப் பேசுவது, கொதித்துப் போன சக வீரரை இழுத்து நிறுத்துவது, பந்து கைமாறிய அந்த நொடியில் யார் எங்கே என்று குரல் கொடுப்பது.

பச்சை அட்டைக்கு 2 நிமிடம், மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடம், சிவப்பு அட்டைக்கு ஆட்டம் முழுவதும் வெளியே. அந்த நேரம் முழுக்க அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். நடுவரிடம் கத்தி ஒருவர் வாங்கும் பச்சை அட்டை, மற்ற எல்லோருடைய கால்களிலும் இரண்டு நிமிடச் சுமை. அதைத் தடுக்கத் தெரிந்தவர் யார் என்பதுதான் கேப்டன் தேர்வில் கேட்க வேண்டிய முதல் கேள்வி என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது கேள்வி நிமிடக் கணக்கு. 36 நிமிடம் ஆடும் ஃபார்வர்டைக் கேப்டனாக்கினால், மீதி 24 நிமிடம் பட்டை இன்னொருவர் கையில். 48 நிமிடமோ அதற்கு மேலோ ஆடும் பேக் அல்லது சென்டர் ஹாஃப் என்றால் அந்தச் சிக்கல் குறைவு. கோல்கீப்பர் 60 நிமிடமும் இருப்பார், முழு மைதானமும் அவர் கண் முன்னே விரியும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் பி.ஆர். ஸ்ரீஜேஷ் அப்படித்தான் அணியை நடத்தினார். ஆனால் எதிர் 'டி'யில் ஒரு தகராறு வந்தால் கீப்பர் அங்கே ஓடிப் போய்ப் பேச முடியாது. அதற்கு நடுவரிசையில் ஒரு துணைக் கேப்டன் தேவை.

பல அணிகளில் பேக் இடத்தில் ஆடும் ஃபிளிக்கரே கேப்டனாக இருப்பதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். பி.சி. விதி அவரைப் பின்வரிசைக்குத் தள்ளுகிறது; பின்வரிசை அவருக்கு நிமிடங்களைத் தருகிறது; நிமிடங்கள் அவர் கையில் பட்டையைக் கட்டுகின்றன. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. அந்த ஒருவருக்கு மஞ்சள் அட்டை கிடைத்தால் பின்வரிசைத் தூண், கோல் அடிக்கும் கை, களத்துக் குரல் மூன்றும் ஒன்றாக வெளியே போகும். முடிந்தவரை இவற்றைப் பிரித்து வைப்பதே நல்லது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹர்மன்பிரீத் கேப்டனாகவும் நடுவரிசையின் ஹர்திக் சிங் துணைக் கேப்டனாகவும் இருந்தது அந்த வகையில் சரியான ஏற்பாடு.

விலை ஒன்று, பொறுப்பு ஒன்று

ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு ஹாக்கி இந்தியா லீக் 2024 டிசம்பர் 28 அன்று மீண்டும் தொடங்கியது. அதற்கான ஏலம் அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் நடந்தது. ஆண்கள் அணிக்கு 4 கோடி ரூபாய் வரம்பு. 24 பேர் கொண்ட அணி. அதில் 8 பேர் வெளிநாட்டவர், 16 பேர் இந்தியர், இந்தியரில் குறைந்தது 4 பேர் ஜூனியர்.

இந்த அமைப்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. ஓர் ஊர்ப் பையன் ஜூனியர் இடத்தில் எடுக்கப்பட்டால், அவருக்குப் போட்டி மற்ற 23 பேரோடும் இல்லை. அவர் விளையாடும் வரிசையில் உள்ள ஆட்களோடுதான். அவர் முன்னால் ஒரு வெளிநாட்டு ஒலிம்பிக் வீரர் நிற்கலாம். முதல் சீசனில் சில ஆட்டங்களோடு, அல்லது ஆடாமலே திரும்பி வருவது தோல்வி இல்லை. ஒரு மாதம் உலகத் தரப் பயிற்சியில் நின்றிருக்கிறார்.

தமிழ்நாடு டிராகன்ஸ் அணியையே எடுத்துக்கொள்வோம். அரியலூரின் எஸ். கார்த்தி அந்த அணியில் இருந்ததால் கொள்ளிடத்தின் இரு கரையிலும் அதைக் கவனித்தவர்கள் உண்டு. ஜிப் யான்சனை 54 லட்சத்துக்கும் அமித் ரோகிதாஸை 48 லட்சத்துக்கும் அந்த அணி எடுத்தது. கேப்டன் ஆனவர் ரோகிதாஸ். இந்திய வீரர்கள் பெரும்பான்மையாக உள்ள அணியில், அவர்கள் மொழியில் பேசவும் நடுவரிடம் பேசவும் தெரிந்த, நிறைய நேரம் களத்தில் நிற்கும் ஒரு பேக். விலை குறைவு என்பது இங்கே ஒரு பொருட்டே இல்லை.

கோப்பையை வென்ற பெங்கால் டைகர்ஸ் அணி இன்னும் தெளிவான சான்று. 72 லட்சத்துக்கு எடுக்கப்பட்ட அபிஷேக் முன்வரிசைக்காரர். பட்டை இருந்தது 2021-இலேயே சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற ரூபிந்தர் பால் சிங் கையில். ஏல விலை என்பது அன்றைக்கு அந்த அரங்கில் எத்தனை அணிகளுக்கு அந்த வகை வீரர் தேவைப்பட்டார், கையில் எவ்வளவு பணம் மிச்சமிருந்தது என்பதன் விளைவு. கேப்டன் பொறுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேப்டனை மாற்றினால் தண்டனையா?

பெரும்பாலும் இல்லை. டோக்கியோவில் 41 ஆண்டுகளுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்த அணியின் கேப்டன் மன்பிரீத் சிங். 2023 ஜனவரி உலகக் கோப்பைக்கு ஹர்மன்பிரீத் கேப்டனாக வந்தார். மன்பிரீத் அணியை விட்டுப் போகவில்லை. பாரிஸில் இரண்டாவது பதக்கமும் வாங்கினார். மகளிர் அணியில் 2024 மே மாதம் கோல்கீப்பர் சவிதாவுக்குப் பதிலாக நடுவரிசையின் சலிமா டெடே கேப்டனானார். சவிதா தொடர்ந்து ஆடினார். நான்காண்டுச் சுழற்சியில் அடுத்த ஒலிம்பிக்வரை யார் நிச்சயம் இருப்பார் என்று பார்த்துப் பொறுப்பை முன்கூட்டியே கைமாற்றுவது ஹாக்கியில் நடைமுறை. முன்னாள் கேப்டன் பக்கத்திலேயே நின்று புதியவருக்குத் துணை செய்வது அணிக்கு இரட்டை லாபம்.

பாரிஸ் 2024: ஓர் அட்டை, இரண்டு ஆட்டம்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் 2024 ஆகஸ்ட் 4 காலிறுதியைப் பார்க்கலாம். பிரிட்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் 17-ஆவது நிமிடத்தில் அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடம் இந்தியா 10 பேரோடு ஆடியது. மன்பிரீத் நடுவரிசையிலிருந்து பின்வரிசைக்கு இறங்கினார். 1–1 என்று முடிந்த ஆட்டத்தை ஷூட்அவுட்டில் 4–2 என்று வென்றார்கள்.

விலை அடுத்த ஆட்டத்தில் தெரிந்தது. ரோகிதாஸுக்கு ஓர் ஆட்டத் தடை, மேல்முறையீடு தள்ளுபடி. ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதிக்கு இந்தியாவிடம் இருந்தது 15 பேர். தொடக்கத்தில் போட்ட மாதிரிக் கணக்கை எடுங்கள். பின்வரிசையின் 5 பேரில் ஒருவர் இல்லை. நடுவரிசையிலிருந்து ஒருவரை அங்கே இறக்கினால், நடுவரிசையின் 180 நிமிடத்தை இனி 4 பேர் பங்கிட வேண்டும். 36 நிமிடம் 45 ஆகிறது. நான்கில் ஒரு பங்கு கூடுதல் ஓட்டம், அதுவும் இரண்டு நாள் முன்பு 10 பேரோடு ஓடிய கால்களுக்கு. ரோகிதாஸ் வெறும் பேக் மட்டுமில்லை, எதிரணியின் பி.சி.யில் முதல் ரஷர், தாக்கும்போது இரண்டாவது ஃபிளிக்கர். ஜெர்மனி 3–2 என்று வென்றது. அவர்கள் கோல்களில் ஒன்று கொன்சாலோ பெய்யட்டின் பி.சி. கோல். அந்த ஆட்டத்தில் ரோகிதாஸ் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பெயர் நீங்கினால் எத்தனை வேலைகள் நீங்குகின்றன என்பது அங்கே வெட்டவெளிச்சமானது. வெண்கலப் பதக்க ஆட்டத்துக்கு அவர் திரும்பினார். ஸ்பெயினை 2–1 என்று வென்றார்கள்.

வெளியே நின்றவர்கள்

பாரிஸ் அணியின் மாற்று வீரர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் ஜுக்ராஜ் சிங். ஹர்மன்பிரீத்தும் ரோகிதாஸும் இருக்கும்போது அவர் மூன்றாவது ஃபிளிக்கர். அதனால்தான் 16-க்குள் இடமில்லை. அடுத்த மாதமே ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதியில் சீனாவுக்கு எதிரான ஒரே கோலை அவர்தான் அடித்தார். ஹாக்கி இந்தியா லீக்கின் இறுதியில் மூன்று கோல் அடித்துப் பெங்கால் டைகர்ஸுக்கு 4–3 வெற்றியைத் தந்தவரும் அவரே. ஆகஸ்டில் அவரை விட்டதும் சரியான முடிவாக இருக்கலாம். பிப்ரவரியில் அவர் நாயகன் ஆனதும் உண்மை. இரண்டுக்கும் முரண் இல்லை.

பழைய கதை ஒன்றும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1936-இல் பெர்லின் போன தியான் சந்தின் அணி, ஒலிம்பிக்குக்கு முன் நடந்த பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் 4–1 என்று தோற்றது. அணியில் தியான் சந்தும் ரூப் சிங்கும் இருந்தும் முன்வரிசையில் வலப்பக்க உள் இடமான ரைட் இன் ஓட்டையாக இருந்தது. தாராவை அனுப்புங்கள் என்று தந்தி பறந்தது. அலி தாரா விமானத்தில் வந்து அரையிறுதிக்கு முன் சேர்ந்தார். இறுதி ஆட்டத்தில் அதே ஜெர்மனியை 8–1 என்று வென்றார்கள். உலகின் மிகச் சிறந்த ஃபார்வர்டு இருந்த அணிக்கே ஓர் இடத்துக்கான ஆள் இல்லாதது அவ்வளவு பெரிய குறையாக இருந்திருக்கிறது.

டெல்டா அணிகளுக்கு இதில் என்ன?

நம் பகுதிப் பள்ளி அணிகள், கல்லூரி அணிகள், ஊர்க் கிளப் அணிகள் பெரும்பாலும் பதினொரு பேரைத் தேர்ந்து, மிச்சத்தை ‘எக்ஸ்ட்ரா’ என்று பெயருக்கு எழுதுகின்றன. அங்கிருந்து மாற வேண்டும். டெல்டாவுக்கே உரிய சில நிலைமைகளையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

1. மைதானம் மாறினால் அணியும் மாற வேண்டும். நம் மண் வண்டலும் களியும். வெயிலில் வெடிக்கும், மழையில் சேறாகும். அதன் மேல் கிராவல் கொட்டி இறுக்கிய பள்ளி மைதானத்தில் பி.சி.யைப் பாருங்கள்: புஷ் கொடுத்த பந்து பாதி வழியில் ஒரு கல்லில் பட்டுத் துள்ளும், ஸ்டாப்பர் ஸ்டிக்கைப் படுக்க வைப்பதற்குள் அது முழங்காலுக்கு வந்திருக்கும். அங்கே டிராக் ஃபிளிக்கரைவிட, தாறுமாறாக வரும் பந்தை அடக்கும் ஸ்டாப்பரும், தாழ்வாக ஓங்கி அடிக்கும் ஹிட்டரும் பயன்படுவார்கள். அதே அணி மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்கு டர்ஃபுக்கு (செயற்கைப் புல் மைதானத்துக்கு) போனால் பந்து வழுக்கிக்கொண்டு வரும், வேகம் கூடும், கிராவலில் 50 நிமிடம் தாங்கிய ஃபார்வர்டு டர்ஃபில் இருபதாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்குவார். மண் தரையில் ஜெயித்த பதினொருவரை அப்படியே ஏற்றி அனுப்புவது விசுவாசம் போலத் தோன்றும்; உண்மையில் அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் தீங்கு. பெஞ்சில் நடுவரிசைக்கும் முன்வரிசைக்கும் ஆட்களைக் கூட்டித்தான் அனுப்ப வேண்டும்.

2. பருவம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பயிற்சி நின்றுபோகும். சம்பா நடவு, தை அறுவடை நேரங்களில் கிளப் அணியின் வயதில் மூத்தவர்கள் வயலை விட்டு வர முடியாது. இதை ஒழுங்கீனமாகப் பார்க்காமல், சீசன் தொடங்கும்போதே யார் எந்த மாதம் இருப்பார் என்று எழுதி வைத்து, பின்வரிசையில் ஒரே வீட்டு, ஒரே தெரு ஆட்கள் எல்லோரும் ஒன்றாக இல்லாமல் போகாதபடி பட்டியலை அமைக்கலாம்.

3. இரண்டாவது கீப்பர். 2019 முதல் கோல்கீப்பர் என்றால் முழுக் கவசத்தோடு நிற்க வேண்டும். இல்லையென்றால் கீப்பருக்கான சலுகை எதுவும் இல்லாத 11 களவீரர்களோடு ஆட வேண்டும். முன்புபோல வேறு நிறச் சட்டையும் ஹெல்மெட்டும் மாட்டி ஒரு பேக்கை நிறுத்த முடியாது. ஒரே செட் பேடை இரண்டு பேர் பகிர்ந்தாலும் பரவாயில்லை, பேட் கட்டிப் பழகிய இரண்டாவது பையன் அணியில் இருக்க வேண்டும். அவன் சீசன் முழுக்க ஆடாமல் இருக்கலாம். அவனையும் அழைத்துப் போக வேண்டும், பயிற்சியில் அவனுக்கும் பந்து அடிக்க வேண்டும்.

4. கேப்டன். இங்கேதான் நம் பக்கத்தில் நிறையத் தவறு நடக்கிறது. ஜெர்சி வாங்கிக் கொடுத்தவர் வீட்டுப் பையன், அதிக கோல் அடித்தவன், வயதில் மூத்தவன் என்ற மூன்று வழியில்தான் பெரும்பாலும் பட்டை போகிறது. மூன்றுமே பிழை. இரண்டு மூன்று ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து ஆடும் அணியில் கேப்டன் ஓர் ஊருக்குரியவன் என்று தோன்றிவிட்டால், இரண்டாவது ஆட்டத்திலேயே பந்து அந்தப் பக்கம் போகாது. யார் சொன்னால் மற்ற ஊர்ப் பையனும் நிற்பான், நடுவர் தவறாக ஊதினாலும் யார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்பான், யார் களத்தில் அதிக நேரம் இருப்பான் என்று பார்த்தால் விடை பெரும்பாலும் சத்தமில்லாத ஒரு ஹாஃப் அல்லது பேக்காகத்தான் இருக்கும்.

பட்டியலை அறிவிக்கும் முறையையும் மாற்றலாம். வெறும் பெயர்களை அறிவிப்புப் பலகையில் ஒட்டாமல், பெயருக்கு எதிரே இடத்தையும் பி.சி. வேலையையும் எழுதி ஒட்டினால் பாதி மனக்கசப்பு அங்கேயே தீரும். வெளியே நின்ற ஃபார்வர்டும் அவன் அப்பாவும் வந்து பார்க்கும்போது, ‘முன்வரிசை: 5 பேர்’ என்ற வரி அவர்கள் கண்ணில் படும். அடுத்த வருடத்துக்குள் என்ன கற்றுக்கொண்டால் உள்ளே வரலாம் என்பதும் அதே தாளில் தெரியும். புஷ் கொடுக்க ஒருவன்தான் இருக்கிறான் என்றால், அந்த வேலைக்கு இரண்டாவது ஆள் தேவை என்று அர்த்தம். அதற்கு டர்ஃப் வேண்டியதில்லை. ஒரு பழைய பந்தும், சிமென்ட் தரையில் 'டி' விளிம்பு தூரத்துக்கு ஒரு சாக்பீஸ் குறியும், எதிர்ப் பக்கம் பந்தை நிறுத்தித் திருப்பி அனுப்ப ஒரு தம்பியும் போதும்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதித் தேர்வுக்கோ, கோவில்பட்டி போன்ற ஹாக்கி மையங்களுக்கோ போகும் பிள்ளைகளும் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. ஃபார்வர்டாக வருபவர்களின் கூட்டம் எப்போதும் பெரிது. ‘எந்த இடத்தில் ஆடுவாய்?’ என்று தேர்வாளர் கேட்கும்போது, ‘லெஃப்ட் ஹாஃப் சார், தேவைப்பட்டால் பேக்கும் ஆடுவேன், பி.சி.க்குப் புஷ் கொடுப்பேன்’ என்று சொல்லிச் செய்தும் காட்டும் பையனை எளிதில் ஒதுக்க முடியாது.